இதய அறுவை சிகிச்சைக்கு முன் சர்க்கரை அளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைபாஸுக்கோ வால்வு மாற்றுவதற்கோ நாள் குறித்தவுடன், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வரும் பெரிய கவலை சர்க்கரை அளவைப் பற்றியதுதான். "சுகர் இறங்கினால்தான் ஆபரேஷன் என்கிறார்கள்" என்று ஒரு வீட்டில் பதற்றம். "சுகர் 250 இருக்கும்போதே நாளைக்கு ஆபரேஷன் என்கிறார்களே" என்று இன்னொரு வீட்டில் பதற்றம். இரண்டு மருத்துவர்களும் சரியாகவே சொல்லியிருக்கலாம். எப்போது எது சரி என்பது நோயாளிக்கும் புரிய வேண்டும் என்பதால் இந்தப் பக்கம். இங்கே உள்ளவை பெரியவர்களுக்கான பொது விளக்கங்கள். மாத்திரையையோ இன்சுலினையோ மாற்றுவது உங்களைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

இதயத்தில்தானே அறுவை சிகிச்சை? சர்க்கரையை ஏன் இவ்வளவு பார்க்கிறார்கள்?

சர்க்கரை கூடினால் நோய்க்கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதும், அதை விழுங்கி அழிப்பதும் தாமதப்படுகின்றன. புண் ஆறுவதற்குத் தேவையான புதிய திசு வளர்வதும் குறைகிறது. வேறு எந்த அறுவை சிகிச்சைக்கும் இது பொருந்தும். ஆனால் இதய அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் நெஞ்செலும்பை நடுவே பிளந்து, கடைசியில் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அந்த எலும்பில் கிருமி புகுந்தால், அதற்கு நேர் பின்னால் இதயம்.

இன்னொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பவரின் சிறுநீரகமும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களும், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சீராக வைக்கும் நரம்புகளும் ஓரளவு பாதிக்கப்பட்டிருக்கலாம். வெளியே எதுவும் தெரியாது. அறுவை சிகிச்சை என்னும் பெரிய அதிர்ச்சியில்தான் அந்தப் பலவீனம் வெளிப்படும். சர்க்கரை அளவைக் கேட்பவர், உண்மையில் இந்த உறுப்புகளின் நிலையையும் சேர்த்தே விசாரிக்கிறார்.

எந்தப் பரிசோதனை முக்கியம்? வெறும் வயிற்றில் பார்ப்பதா, மூன்று மாத சராசரியா?

இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் சொல்வது வேறு வேறு. விரலில் குத்திப் பார்க்கும் அளவு அந்த நேரத்து நிலை. எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. கடந்த 2 முதல் 3 மாதங்களின் நிலையை அது காட்டும். ஆனால் எல்லா வாரங்களுக்கும் அதில் சம பங்கு இல்லை. கடைசி ஒரு மாதத்தின் பங்கு மட்டுமே ஏறத்தாழ பாதி. அறுவை சிகிச்சைக்கு நான்கு வாரம் இருக்கிறது என்றால், அதற்குள் இந்த எண்ணை ஓரளவு இறக்க முடிவது இதனால்தான்.

எச்பிஏ1சி 6 என்றால் சராசரிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். 7 என்றால் 154, 8 என்றால் 183, 9 என்றால் 212, 10 என்றால் 240. இனிமேல் இந்தப் பக்கத்தில் வரும் சர்க்கரை எண்கள் எல்லாம் இதே அலகில்தான்.

எச்பிஏ1சி எவ்வளவு இருந்தால் அறுவை சிகிச்சை செய்யலாம்?

இதற்கு மேல் கூடாது என்று எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கோடு கிடையாது. பொறுத்திருக்கக்கூடிய அறுவை சிகிச்சைகளுக்கு, முடிந்தவரை 8-க்குக் கீழே கொண்டுவாருங்கள் என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் விரைந்து மீள்வதற்காக 2019-இல் வெளியான வழிகாட்டுதல் 6.5-க்குக் கீழே இருப்பதைச் சிறந்த நிலையாகச் சொல்கிறது. நடைமுறையில் பல மருத்துவக் குழுக்கள் 7 முதல் 8 வரை இருந்தால் திருப்தி அடைகின்றன.

எண் கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்துகொண்ட சுமார் 3,000 பேரைப் பார்த்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. எச்பிஏ1சி 8.6-ஐத் தாண்டியவர்களுக்கு மருத்துவமனையிலேயே இறக்கும் ஆபத்து ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது. ஒவ்வோர் எண் கூடும்போதும் மாரடைப்பும் நெஞ்செலும்பில் ஆழமான தொற்றும் வரும் வாய்ப்பு அதிகரித்தது.

இதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். 4 மடங்கு என்பது, நன்றாகத் திட்டமிட்டுச் செய்யும் பைபாஸில் இருக்கும் சிறிய ஆபத்தின் 4 மடங்கு. மேலும், எச்பிஏ1சி கூடியிருப்பவர்களில் பலருக்குச் சிறுநீரகக் கோளாறு, உடல் பருமன், பலவீனமான இதயம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். இந்த வகை ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டும். அந்த எண்ணை மட்டும் இறக்கிவிட்டால் ஆபத்து முழுவதும் போய்விடும் என்று அது நிரூபிக்கவில்லை.

எனக்கு 9.4 வந்திருக்கிறது. தள்ளிப் போடுவதா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சர்க்கரை அறிக்கையில் இல்லை. ஆஞ்சியோகிராமிலும் எக்கோவிலும் உங்கள் அறிகுறிகளிலும் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது "என் இதயம் எத்தனை நாள் பொறுக்கும்?" என்பதுதான். "என் சர்க்கரை எவ்வளவு?" என்பது அடுத்த கேள்வி. இந்த வரிசை மாறிப் போகும் இடங்களில்தான் தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தரும் இடது முதன்மைத் தமனியில் கடுமையான அடைப்பு, படுத்திருக்கும்போதே வரும் நெஞ்சுவலி, மாரடைப்புக்குப் பிறகும் அடங்காத வலி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயான மகாதமனியில் கிழிசல், மருந்துக்குக் கட்டுப்படாத வால்வுத் தொற்று, குறுகிய வால்வினால் மயங்கி விழுதல் போன்றவை காத்திருக்காது. இங்கே எச்பிஏ1சி 11 ஆக இருந்தாலும் அறுவை சிகிச்சைதான் உயிரைக் காப்பாற்றும். சர்க்கரையை இறக்க மூன்று மாதம் என்று வீட்டில் உட்கார்ந்தால், அதற்குள் இதயம் போய்விடலாம். இப்படிப்பட்டவர்களை மருத்துவமனையிலேயே வைத்து, நரம்பு வழியாக இன்சுலின் கொடுத்துச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். எச்பிஏ1சி அறிக்கையில் அதே 11தான் இருக்கும். ஆனால் கத்தி வைக்கும் நேரத்தில் வெள்ளை அணுக்கள் சந்திக்கும் சர்க்கரை 160 ஆக இருக்கும். அது பெரிய வித்தியாசம்.

மறுபக்கம், நடந்தால் மட்டும் லேசாக வலி, அதுவும் மருந்தில் அடங்கியிருக்கிறது, இதயத்தின் இயக்கம் நன்றாக இருக்கிறது என்றால், நான்கு முதல் எட்டு வாரம் எடுத்துக்கொண்டு சர்க்கரையைச் சீர்செய்வது நியாயமான முடிவு. அப்போதும் காத்திருப்பதற்கு ஒரு கெடு வேண்டும். எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது, எந்த அறிகுறி வந்தால் உடனே வருவது, இடையில் சர்க்கரைக்கு யார் பொறுப்பு என்ற மூன்றும் தெளிவாக இல்லாமல் "குறைத்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் அனுப்பினால், ஆறு மாதம் கழித்தும் அதே எண்ணோடு, ஆனால் மோசமான இதயத்தோடு திரும்பி வரும் நிலை உண்டாகும். உங்களை அப்படி அனுப்பினால் இந்த மூன்றையும் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது. எனக்கும் எதற்கு எச்பிஏ1சி?

இருப்பது தெரியாமலே இருப்பவர்கள் நிறைய. இதய அறுவை சிகிச்சைக்கு வருபவர்களில் குறிப்பிடத்தக்க ஒரு பகுதியினருக்கு இந்தப் பரிசோதனையில்தான் முதல்முறையாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை.

தெரியாமல் போவதில் தனி ஆபத்து இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த நோயாளிக்கு எல்லோரும் அடிக்கடி சர்க்கரை பார்ப்பார்கள். தெரியாதவருக்கு வார்டுக்கு மாறியதும் பார்ப்பதைக் குறைத்துவிடக்கூடும்.

என்னென்ன சிக்கல்கள் வரலாம்?

எல்லோரும் அதிகம் அஞ்சுவது நெஞ்செலும்பின் ஆழத்தில் வரும் தொற்று. அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் மறுபடி திறந்து சுத்தம் செய்வது, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக், சிலருக்குத் தசையை எடுத்து மூடும் அறுவை சிகிச்சை என்று நீளும். உயிருக்கும் ஆபத்து. பைபாஸில் நெஞ்சின் உட்புறத் தமனியைப் பிரித்தெடுத்து இதயத்தில் இணைக்கிறார்கள். பல ஆண்டுகள் அடைபடாமல் உழைக்கும் அருமையான குழாய் அது. ஆனால் நெஞ்செலும்புக்கு ரத்தம் போவதும் அதே குழாய் வழியாகத்தான். இரண்டு பக்கத்திலும் எடுத்தால் எலும்புக்குப் போகும் ரத்தம் மேலும் குறையும். எனவே சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு, அதிலும் உடல் பருமனும் சேர்ந்திருந்தால், இரண்டையும் எடுக்க அறுவை மருத்துவர்கள் யோசிப்பார்கள். உங்கள் எச்பிஏ1சி எந்தக் குழாயைப் பயன்படுத்துவது என்ற முடிவையே மாற்றக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்த இடத்துப் புண் ஆறாமல் இழுத்தடிப்பது இதைவிடச் சாதாரணமாக நடக்கும். சிறுநீரகச் செயல்பாடு தற்காலிகமாகக் குறைவது, பக்கவாதம், வென்டிலேட்டரிலிருந்து எடுக்கத் தாமதம், மருத்துவமனையில் கூடுதல் நாட்கள் ஆகியவையும் உண்டு.

வீட்டில் 130-தான் இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் 280 என்கிறார்கள். என்ன தவறு நடந்தது?

தவறு எதுவும் நடக்கவில்லை. இது எதிர்பார்த்ததுதான்.

நெஞ்சைத் திறப்பதை உடல் உயிராபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்டிசால், குளூக்ககான் ஆகிய ஹார்மோன்கள் ரத்தத்தில் கொட்டுகின்றன. இவை கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை வெளியே தள்ளும். இன்சுலின் வேலை செய்வதையும் தடுக்கும். இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் ஓடும்போது உடலைக் குளிர வைப்பார்கள். குளிரில் கணையம் இன்சுலின் சுரப்பது குறையும். இதயத்தை நிறுத்திவைக்கச் செலுத்தும் திரவங்கள் சிலவற்றில் குளுக்கோஸ் இருக்கும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க அட்ரினலின் மருந்து, சில நேரம் ஸ்டீராய்டு. இத்தனையும் சேர்ந்தால் சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் 200-ஐத் தாண்டும். ஐ.சி.யூ.வில் இன்சுலின் ஏறுவதைப் பார்த்து "இவருக்கும் சுகர் வந்துவிட்டதா?" என்று உறவினர்கள் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலோருக்குச் சில நாட்களில் இறங்கிவிடும்.

அப்படியானால் 100-க்குள்ளேயே வைத்துவிட்டால் இன்னும் பாதுகாப்புதானே?

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இப்படித்தான் நம்பியது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைய இலக்கு எண்கள் அந்தப் பாடத்தில் பிறந்தவை.

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1987 முதல் 1997 வரை இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. தோலுக்கடியில் அவ்வப்போது இன்சுலின் போட்டவர்களில் 2.0 சதவீதம் பேருக்கு நெஞ்செலும்பின் ஆழத்தில் தொற்று வந்தது. நரம்பு வழியாகத் தொடர்ந்து இன்சுலின் ஏற்றியவர்களில் அது 0.8 சதவீதம். 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், அறுவை சிகிச்சை ஐ.சி.யூ.வில் 1,548 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சர்க்கரையை 80 முதல் 110-க்குள் இறுக்கிப் பிடித்தபோது ஐ.சி.யூ. மரணங்கள் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தன. அவர்களில் பெரும்பாலோர் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். உலகம் முழுவதும் இறுக்கமான கட்டுப்பாடு பரவியது.

2009-இல் நைஸ்-சுகர் ஆய்வு வந்தது. பல மருத்துவமனைகளில், 6,000-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளிடம் நடந்தது. 81 முதல் 108-க்குள் இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாட்களுக்குள் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள். 180 அல்லது அதற்குக் கீழே என்று தளர்வாக வைத்தவர்களில் 24.9 சதவீதம். கடுமையான தாழ்சர்க்கரை இறுக்கமான குழுவில் 6.8 சதவீதம் பேருக்கு வந்தது, மற்றக் குழுவில் 0.5 சதவீதம் பேருக்குத்தான். மயக்கத்தில் இருப்பவருக்குச் சர்க்கரை 40-க்கு இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் யாருக்கும் தெரியாது, அவராலும் சொல்ல முடியாது. மூளை அமைதியாகப் பாதிக்கப்படும்.

எனவே இன்று பெரும்பாலான இடங்களில் இலக்கு 180-ஐத் தாண்டாமல் வைப்பது, அதே நேரம் 100-க்குக் கீழே விடாமலும் பார்ப்பது. ஐ.சி.யூ.வில் மூன்று நாளுக்கு மேல் இருக்க வேண்டியவர்களுக்கு 150-ஐத் தாண்டாமல் வைக்கச் சொல்கிறது அமெரிக்க இதய அறுவை மருத்துவர்கள் சங்கமான எஸ்.டி.எஸ். 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். "160 இருக்கிறதே, ஏன் இன்னும் குறைக்கவில்லை?" என்று செவிலியரிடம் சண்டை போடும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 160 கவனக்குறைவால் வந்ததல்ல.

எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பெயர் பெயராகச் சொல்லுங்கள், மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியவை டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் ஆகியவை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் இவை. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், எர்டுகிளிஃப்ளோசின் என்றால் 4 நாள். இல்லாவிட்டால் கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் சேரும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். இதில் ஏமாற்றும் விஷயம், சர்க்கரை அளவு ஏறத்தாழ சரியாகவே காட்டும். வாந்தியும் மூச்சு வாங்குவதும் வேறு காரணத்தால் என்று நினைத்துவிடலாம். இந்த மாத்திரைகள் இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும்கூடக் கொடுக்கப்படுகின்றன. ஆகவே "எனக்குச் சுகர் மாத்திரை எதுவும் இல்லை" என்று நினைப்பவரும் இதை விழுங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு மருந்து கலந்த மாத்திரைகளிலும் இது ஒளிந்திருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

மெட்ஃபார்மினைப் பொதுவாக அறுவை சிகிச்சை நாளன்று நிறுத்துகிறார்கள், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் முன்பே. பிறகு சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தால் திரும்பத் தொடங்குவார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்றவை வெறும் வயிற்றிலும் சர்க்கரையை இறக்கும் என்பதால் அன்று காலை கிடையாது. வாரம் ஒருமுறை ஊசியாகப் போடும் செமாகுளூடைடு, டர்செபடைடு போன்றவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு தங்கியிருந்தால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. சிலருக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், சிலருக்கு முந்தைய நாள் திரவ உணவு மட்டும் போதும் என்பார்கள். மயக்க மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

நான் இன்சுலின் போடுகிறேன். அன்று சாப்பிடவே மாட்டேன், பிறகு எதற்கு ஊசி?

சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகிய நேர இன்சுலின் தேவையில்லை, அது சரி. ஆனால் நாள் முழுவதும் வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலினை அடியோடு விட்டுவிடக் கூடாது. பொதுவாக வழக்கமான அளவில் நான்கில் மூன்று பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகப் போடச் சொல்வார்கள். நடுத்தர நேரம் வேலை செய்யும் என்.பி.ஹெச். வகை இன்சுலின் என்றால் பாதி. முதல் வகைச் சர்க்கரை நோய் (உடலே இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது, பட்டினியாக இருந்தாலும் சரி. நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கீட்டோஅசிடோசிஸ் தொடங்கிவிடும்.

மாத்திரையில் இருந்த என்னை இன்சுலினுக்கு மாற்றிவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுக்க ஊசிதானா?

அப்படி இல்லை. அறுவை சிகிச்சையை ஒட்டிய நாட்களில் இன்சுலின்தான் நொடிக்கு நொடி கூட்டவும் குறைக்கவும் வசதியான மருந்து. சிறுநீரகத்தையும் கெடுக்காது. நன்றாகச் சாப்பிடத் தொடங்கி, காயம் ஆறத் தொடங்கியதும் பலர் பழைய மாத்திரைக்கே திரும்புகிறார்கள். எச்பிஏ1சி முன்பே மிக அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் சில மாதங்களோ அதற்கு மேலோ தொடர நேரும். இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம் என்ற பயத்தில் அதை மறுத்து, அறுவை சிகிச்சைக்கு முன் கிடைத்த நல்ல வாரங்களை வீணாக்கிவிடாதீர்கள். இது என் வேண்டுகோள்.

எச்பிஏ1சி தவறாகக் காட்டுமா?

காட்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தால், சிறுநீரகச் செயலிழப்புக்காக சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் குறைவாக வரலாம். பரம்பரை ஹீமோகுளோபின் மாறுபாடுகளும் கணக்கைக் குழப்பும். இவர்களுக்கு, 2 முதல் 3 வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையோ, வீட்டில் பார்த்த அளவுகளோ நம்பகமானவை. எண்ணும் வீட்டுக் குறிப்பேடும் ஒத்துப்போகவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

சர்க்கரை நோய் இருப்பதால் பைபாஸைவிட ஸ்டென்ட் பாதுகாப்பானது என்கிறார்கள். உண்மையா?

பல குழாய்களில் அடைப்பு உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு ஆய்வுகள் காட்டுவது இதற்கு நேர் மாறானது. 1,900 சர்க்கரை நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஃப்ரீடம் ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம் பேர் இறந்தார்கள், பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதம். மாரடைப்பும் பைபாஸ் குழுவில் குறைவு. பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம்: 5.2 சதவீதம், மற்றதில் 2.4. சர்க்கரை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக நல்ல பைபாஸ் வாய்ப்பைக் கைவிடுவது பெரும்பாலும் நட்டம். ஒரே ஒரு குழாயில் அடைப்பு, மிக வயதானவர், வேறு கடும் நோய் உள்ளவர் என்றால் கணக்கு வேறு.

நான்கு வாரம் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

சர்க்கரையை வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் மருந்தைத் திருத்துவது இருட்டில் தடவுவதுதான். சர்க்கரை மருத்துவரை வாரம் ஒருமுறையாவது நேரிலோ தொலைபேசியிலோ அணுகி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

பட்டினி கிடந்து இறக்க முயல வேண்டாம். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் திசு வளரப் புரதம் வேண்டும். எடை குறைந்து, ரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குறைந்து வருபவருக்கும் புண் ஆறுவது தாமதமாகிறது. மாவுச்சத்தின் அளவைக் குறையுங்கள், புரதத்தைக் குறைக்காதீர்கள். கடினமான உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவதும் ஆபத்து. எவ்வளவு நடக்கலாம் என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும்.

புகைப்பதை இன்றே நிறுத்துங்கள். பல்லையும் காலையும் காட்டுங்கள். சீழ் பிடித்த ஈறு, கால் விரலிடுக்குப் புண், சிறுநீர்த் தொற்று எல்லாம் சர்க்கரையை இறங்க விடாமல் பிடித்துவைக்கும். வால்வு மாற்றப் போகிறவர்களுக்கு வாயில் உள்ள கிருமி புது வால்வுக்கே வினையாகலாம்.

இன்னொன்று. பல ஆண்டுகளாக மிக அதிகமாக இருந்த சர்க்கரையை வேகமாக இறக்கும்போது கண்ணின் விழித்திரைப் பாதிப்பு சிலருக்குத் தற்காலிகமாக மோசமாகலாம். ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் கண் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

அன்று காலை 260 இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. இன்சுலின் ஏற்றி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையோ அதைவிட அடிக்கடியோ பார்த்து இறக்குவார்கள். கீட்டோன் இருந்தாலோ, உடலில் நீர் வற்றியிருந்தாலோ, சோடியம், பொட்டாசியம் தாறுமாறாக இருந்தாலோ, அவசரம் இல்லாத அறுவை சிகிச்சையை ஓரிரு நாள் தள்ளுவார்கள். முந்தைய இரவு பயத்தினால் மட்டுமே சிலருக்குச் சர்க்கரை ஏறும். அதற்காகத் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டாம். தாழ்சர்க்கரை வந்தால் மட்டும், பட்டினியாக இருக்கச் சொன்னார்களே என்று அடக்கிக்கொண்டு படுத்திருக்காதீர்கள். உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எவ்வளவு நாள் கவனம் வேண்டும்?

நெஞ்செலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் சர்க்கரை பாருங்கள். வீட்டுக்கு வரும்போது எழுதிக் கொடுத்த மருந்து அளவு, மருத்துவமனையில் குறைவாகச் சாப்பிட்ட நாட்களுக்கானதாக இருக்கலாம். பசி திரும்பியதும் சர்க்கரை ஏறும். அதிர்ச்சி தணிந்ததும் சிலருக்கு அதே அளவு கூடுதலாகித் தாழ்சர்க்கரை வரும். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை மருந்தைத் திருத்திக்கொள்வது அவசியம்.

ஆழமான தொற்று பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டாவது வாரத்தை ஒட்டியே தலைகாட்டும். காய்ச்சல், தையலிலிருந்து நீரோ சீழோ வடிதல், சிவப்பு பரவுதல், இருமும்போது நெஞ்செலும்பு அசைவது போலவோ சொடுக்குவது போலவோ உணர்தல், காரணம் தெரியாமல் சர்க்கரை திடீரென்று ஏறி நிற்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அறுவை சிகிச்சை செய்த குழுவைக் கூப்பிடுங்கள்.